கையூம் பாய் கொடுத்த வீடு

அப்துல் கையூம் தன் ஒரே வீட்டை மூன்று பேருக்குக் கொடுத்துவைத்திருக்கிறார் என்ற விஷயம், வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து குடும்பம் பிரியாணிக்கு உட்கார்ந்த நேரத்தில் அம்பலமானது.

ஆரம்பித்து வைத்தவள் மகள் மஹ்ஜபீன். மாங்காட்டில் வாழ்க்கைப்பட்டவள், வெள்ளிக்கிழமை தவறாமல் பூந்தமல்லிக்கு வந்துவிடுவாள். கூடத்துச் சுவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ரம்ஜானுக்குள் இந்தப் பச்சை பெயின்ட்டை மாற்றிவிட வேண்டும், கண்ணை உறுத்துகிறது என்றாள்.

"யார் ஊட்டுக்கு யார் பெயின்ட் அடிக்கிறது?" என்றான் மூத்தவன் அர்ஷத்.

"என் ஊட்டுக்கு நான் அடிக்கிறேன். உனக்கு இன்னா?"

அர்ஷத் சிரித்தான். அத்தா இந்த வீட்டைத் தனக்குக் கொடுத்து மூன்று மாதம் ஆகிறது, அக்கம்பக்கம் தெரியாமல் பேசாதே என்றான். இளையவன் சமீர் எலும்பைத் தட்டோரம் வைத்துவிட்டு, அப்படியானால் தான் மாடியில் ஏசி மாட்டியது யார் வீட்டில் என்று கேட்டான். அத்தா தனக்குக் கொடுத்த வீடு என்று நம்பித்தான் மாட்டினானாம்.

மூவரும் ஒரே நேரத்தில் அத்தாவைப் பார்த்தார்கள். அத்தா தயிர் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய மனைவி நசீம் பானு மட்டும், யாருக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேண்டும் என்று கேட்டாள்.

கையூம் பாய்க்கு வயது அறுபத்தேழு. குமணன்சாவடியில் முப்பத்தைந்து வருஷம் பீரோ கடை வைத்திருந்தவர். அந்த வட்டாரத்தில் பாதி வீடுகளின் நகையும் பத்திரமும் அவர் அடித்த பீரோக்களுக்குள்தான் இன்றும் பூட்டிக் கிடக்கின்றன. அவர் வீட்டுப் பீரோவின் லாக்கர் சாவி மட்டும் நசீம் பானுவின் இடுப்பில் கிடந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று அவர் கேட்டதில்லை. பெண்பிள்ளைகள் லாக்கரில் வளையலும் மருந்துச் சீட்டும்தானே இருக்கும் என்பது அவர் கணக்கு.

அவருக்குப் பெருமைகள் இரண்டு. ஒன்று அந்த வீடு. அவருடைய அத்தா கட்டிய வீடு. அத்தாவுக்கு ஒரே பிள்ளை இவர். மின்சார அட்டை இன்னும் அத்தா பேரில்தான் வருகிறது. மெட்ரோ தூண்கள் எழும்பியதும் தெருவில் மனை விலை எகிறியது, கையூம் பாயின் நடையும் கொஞ்சம் அகலமானது.

இன்னொன்று அவருடைய கையெழுத்து. கடைசி எழுத்திலிருந்து ஒரு வால் கிளம்பி, வட்டமடித்து, முதல் எழுத்தின் தலைக்கு மேல் வந்து உட்காரும். பூந்தமல்லியில் யார் வீட்டு நிக்காஹ்வாக இருந்தாலும் கல்யாணப் பதிவேடான தஃப்தரில் சாட்சிக் கையெழுத்துக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். தங்க மூடி போட்ட பேனாவுடன் போவார். எதையும் படித்துப் பார்க்கமாட்டார். மாப்பிள்ளை வீட்டில் மணமகளுக்குக் கொடுக்கும் மஹர் பத்தாயிரமா, பத்துப் பவுனா என்றுகூட கவனிக்கமாட்டார். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது சந்தேகப் பிராணிகளின் வேலை என்பார். அவருடைய அத்தா உயிரோடு இருந்தவரை, "இன்னா எழுதிக் கீதுன்னு பாத்துட்டுப் போடுடா" என்று தலையில் அடித்துக்கொள்வார். அத்தா போனபிறகு அதைச் சொல்லவும் ஆளில்லை.

கடையை மூடிய பிறகுதான் சிக்கல் தொடங்கியது. காலை எட்டு மணிக்கு வந்த டீ ஒன்பதுக்கு வந்தது. பேப்பர் அவருக்கு முன்பே மாடிக்குப் போய்விட்டது. மருமகள் ரூஹி, குழம்பில் உப்பு போதுமா என்று அவரிடம் கேட்பதை நிறுத்திவிட்டு நேராக நசீம் பானுவிடம் கேட்டாள். தன்னை யாரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை என்று கையூம் பாய்க்குத் தோன்றிவிட்டது. உண்மையில் அவருக்குப் பயமாக இருந்தது. தன்னிடம் கொடுப்பதற்கு இனி ஒன்றும் இல்லையென்றால், ஒரு நாள் டீயே வராமல் போகலாம்.

ஆனால் வீடு இருந்ததே.

உயில் எழுதலாம் என்றால், மார்க்கச் சட்டப்படி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது. அதையும் வாரிசு ஒருவருக்கு எழுத மற்ற வாரிசுகள் தலையாட்ட வேண்டும். எழுதாமல் விட்டாலோ, மனைவிக்கு இவ்வளவு, மகனுக்கு இவ்வளவு, மகளுக்கு இவ்வளவு என்று சொத்து தானாகவே பிரிந்துவிடும். நியாயமான ஏற்பாடுதான். கையூம் பாய் அதில் கண்ட குறை ஒன்றே ஒன்று. தானாக வந்து சேரப்போகிற சொத்துக்காக எந்தப் பிள்ளை காலையில் ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுக்கும்?

மிச்சமிருந்தது ஹிபா. உயிரோடு இருக்கும்போதே மனமுவந்து கொடுத்துவிடுவது. எழுத்துகூட அவசியமில்லை, கொடுத்தேன் என்று ஒருவர் சொல்லி, ஏற்றுக்கொண்டேன் என்று மற்றவர் சொல்லி, பொருள் கைமாறினால் ஆயிற்று.

கண்புரை ஆபரேஷன் முடிந்து கட்டோடு படுத்திருந்தபோது மஹ்ஜபீன் பத்து நாள் பக்கத்திலேயே இருந்து ஊட்டிவிட்டாள். மனம் உருகி வீட்டை அவளுக்குக் கொடுத்தார். அடையாளமாக கேட் சாவியையும் கொடுத்தார். அவள் மாங்காட்டுக்குத் திரும்பியதும் சூப் நின்றுவிட்டது. அடுத்த மாதம், மூட்டு வலிக்கு அர்ஷத் மதுரவாயல் வரை அழைத்துப் போய் எண்ணெய் தேய்க்கவைத்துக் கூட்டிவந்தான். வீட்டை அவனுக்குக் கொடுத்து, வாசல் சாவியை நீட்டினார். திருமழிசை தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிற சமீர், சம்பளத்தில் மாடிக்கு ஏசி வாங்கி, பகலில் அத்தா வந்து படுக்கட்டும் என்றான். அந்தக் குளிரில் படுத்தபடியே அவனுக்கும் கொடுத்தார். மொட்டைமாடிச் சாவி அவனுக்குப் போனது.

ஒவ்வொரு முறையும் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று சொன்னார். ஒவ்வொரு முறையும் நசீம் பானுவிடம் மட்டும் தானே போய்ச் சொன்னார்.

"ஊட்ட மஹ்ஜபீனுக்குக் குடுத்துட்டேன்."

"அப்பிடியா?"

"ஊட்ட அர்ஷத்துக்குக் குடுத்துட்டேன்."

"அப்பிடியா?"

மூன்றாவது தடவை அவள் எதுவும் கேட்கவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கொஞ்சம் சிரித்தாள். பொதுவாகவே அவள் அவரிடம் எதையும் முழுதாகப் பேசி முடித்ததில்லை. வீட்டு வரி, பத்திரம், ரேஷன் கார்டு என்று எதை எடுத்தாலும், "உனக்கு ஒண்ணும் தெரியாது, போ" என்று பாதியிலேயே அனுப்பிவிடுவார். சண்டை வந்தால், "என் ஊட்ல இருந்துகினு என்னையே கேக்குறியா" என்பார். நாற்பத்தோரு வருஷமாக இதே வசனம். அப்போதெல்லாம் அவள் போய்ப் பாத்திரம் கழுவுவாள்.

இப்போது பிரியாணி தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. முதலில் கொடுத்தது யாருக்கு என்று மூவரும் கேட்டார்கள். கையூம் பாய்க்கு வரிசை நிஜமாகவே மறந்துபோயிருந்தது. பிள்ளைகளுக்கு மறக்கவில்லை. சமீர் ஏசி பில்லைக் காட்டினான். அர்ஷத் போனில் அத்தா சாவி கொடுக்கிற போட்டோவைக் காட்டினான். மஹ்ஜபீன் கைப்பையிலிருந்து கண் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து வைத்தாள். தேதிப்படி அவள்தான் முதல்.

"அப்ப அத்தாவுக்குக் கண்ணுல கட்டு" என்றான் அர்ஷத். "யாருக்குக் குடுக்குறோம்னே தெரியாம குடுத்துக்கீறாரு."

கையூம் பாய் இதைப் பிடித்துக்கொண்டார். ஆமாம், ஒன்றும் தெரியவில்லை, ரூஹி என்று நினைத்துக் கொடுத்திருப்பேன் என்றார். இரண்டு பேர் சண்டை மூன்று பேர் சண்டையைவிடச் சின்னது என்பது அவர் யோசனை. மஹ்ஜபீன் அழுதுகொண்டே எழுந்தாள். பத்து நாள் ஊட்டிவிட்டவள் குரல்கூடவா தெரியவில்லை என்று கேட்டாள்.

அழுகையைத் தாங்க முடியாமல் அவசரமாக அடுத்த சமாதானத்தை அவிழ்த்தார். உண்மையில் தான் வீட்டைப் பிரித்துத்தான் கொடுத்தேன், யாரிடம் எந்தச் சாவி இருக்கிறதோ அதுதான் அவரவர் பங்கு என்றார். சொன்ன கையோடு, இவ்வளவு சாமர்த்தியம் தனக்கு எங்கிருந்து வந்தது என்று வியந்தபடி ஆறிய பிரியாணியைச் சாப்பிட்டு முடித்தார்.

மறுநாள் காலை மஹ்ஜபீனின் கணவர் லோடு ஆட்டோவுடன் வந்தார். அவர் அதிகம் பேசாத மனிதர். மாமனாருக்கு சலாம் சொன்னார், கீலிலிருந்து இரும்பு கேட்டைக் கழற்றினார், ஆட்டோவில் ஏற்றினார், மாங்காட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். கையூம் பாய் தன் கையால் வெல்டிங் வைத்த கேட் அது. கேட் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் பங்கு கேட்தானே என்று மஹ்ஜபீன் சொல்லி அனுப்பியிருந்தாள். அன்று மத்தியானம் தெருமாடு ஒன்று உள்ளே வந்து நசீம் பானுவின் கறிவேப்பிலைச் செடியை மொட்டையடித்துவிட்டுப் போயிற்று.

சமீர் மொட்டைமாடியைப் பூட்டினான். தண்ணீர்த் தொட்டி மொட்டைமாடியில் இருந்தது. அர்ஷத் கீழ்த்தளத்தைத் தன்னுடையது என்றான். மோட்டார் சுவிட்ச் கீழ்த்தளத்தில் இருந்தது. தொட்டி தன் பங்கில் இருப்பதால் அதில் ஏறும் தண்ணீர் தனக்கு என்றான் தம்பி. தன் மோட்டார் இன்னொருவன் தொட்டிக்கு ஓடாது என்றான் அண்ணன். இரண்டு நாள் குழாயில் காற்றுதான் வந்தது. கையூம் பாய் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யப் பள்ளிவாசலுக்குப் போய், அங்கேயே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டார். ஜமாஅத்துப் பெரியவர் ஒருவரிடம், கொடுத்ததையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்ள வழி உண்டா என்று கேட்டார். பிள்ளைக்குக் கொடுத்ததைத் தகப்பன் திரும்பக் கேட்பது கூடாது, ஆனால் ஒரே பொருளை மூன்று பேருக்குக் கொடுத்தவரைத் தான் இப்போதுதான் பார்ப்பதாக அவர் சொன்னார்.

மூன்றாம் நாள் கையூம் பாய் செங்கல்வராயனைத் தேடிப் போனார். செங்கல்வராயன் பதிவு அலுவலகத்துக்கு எதிர்ச் சந்தில் உட்கார்ந்து பத்திரம் எழுதுபவர். முப்பது வருஷப் பழக்கம். கையூம் பாயிடம் பீரோ வாங்கியவர். கதையை முழுதாகக் கேட்டார். சிரிப்பை அடக்க ஒரு தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"பாய், வாயால குடுத்தது போதும். மூணு பேரையும் ஒத்துக்க வெச்சு, சண்ட போடாத ஆளாப் பாத்து ஒருத்தர் பேர்ல எழுது. பதிஞ்சிட்டா முடிஞ்சிது."

"என் ஊட்ல சண்ட போடாத ஆளு ஏது?"

"தங்கச்சி கீதே. இத்தினி வருசமா உன்கூட கீது."

கையூம் பாய்க்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நசீம் பானு. அம்மாவுக்குக் கொடுத்தால் எந்தப் பிள்ளை வாயைத் திறக்க முடியும்? மூவரும் வாயடைத்துப் போவார்கள், ஊர் மெச்சும், எழுதிக் கொடுத்த புருஷனுக்கு எட்டு மணிக்கே டீ வரும். வழியெல்லாம் தன் பெருந்தன்மையை நினைத்து நினைத்து அவருக்கே கண் கலங்கியது.

செங்கல்வராயன் மூலப்பத்திரம் கேட்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் நசீம் பானுவிடம் லாக்கரைத் திறக்கச் சொன்னார்.

"எதுக்கு?" என்றாள்.

"உனக்குக் குடுக்கத்தான். ஊடு இனிமே உன்னுது."

நசீம் பானு சாவிக்கொத்தை இடுப்பில் இறுக்கிச் செருகினாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கையூம் பாய் கையை உயர்த்தி, நன்றியெல்லாம் வேண்டாம், நாற்பத்தோரு வருஷம் எனக்குச் சமைத்துப் போட்டிருக்கிறாய், நான் மறக்கிற ஆளில்லை என்று ஒரு சிற்றுரை ஆற்றினார். உரை முடிந்தபோது அவள் உள்ளே போயிருந்தாள். லாக்கர் திறக்கப்படவில்லை. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்ட கையூம் பாய், பத்திரம் கைக்கு வரவில்லை, ஆபீஸிலேயே நகல் போட்டு வாங்கிவிடு என்று செங்கல்வராயனுக்குப் போன் செய்தார். வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவருவதாக அவர் சொன்னார்.

வெள்ளிக்கிழமை வரை காத்திருந்தார். வெள்ளிக்கிழமையன்று செங்கல்வராயன் வரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. கொடுப்பவர் தன் சாமான்களோடு வீட்டைவிட்டு வெளியேறி நின்று கொடுத்தால் ஒப்படைப்பில் ஒரு குறையும் இருக்காது என்று பள்ளிவாசலில் யாரோ சொல்லியிருந்தார்கள். அது அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. தொழுகை முடிந்து தெருவே நடமாடுகிற நேரம் பார்த்து, சூட்கேஸ், தொழுகை விரிப்பு, டேபிள் ஃபேன், சர்க்கரை மாத்திரை டப்பா எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, கேட் இருந்த இடத்தைத் தாண்டி நடுத்தெருவில் போய் நின்றார். மூன்று பிள்ளைகளையும் முன்பே வரச்சொல்லியிருந்தார். எதிர்வீட்டு முனியம்மா, அண்ணன் ஊரைவிட்டே போகிறாரோ என்று பதறி ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் தெருவும் வந்தது.

கூட்டம் சேர்ந்ததும் கையூம் பாய் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"நசீமு, இந்த ஊட்ட முழு மனசோட உனக்குக் குடுத்துட்டேன். இனிமே நீ சொன்னாத்தான் நான் படியேறுவேன். ஏத்துக்கினேன்னு சொல்லு."

நசீம் பானு வாசற்படியில் நின்றிருந்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"என்னால ஏத்துக்க முடியாதுங்க" என்றாள்.

கையூம் பாய் சரியாகக் கேட்கவில்லையோ என்று மறுபடி கொடுத்தார். மறுபடி அதே பதில். மூன்றாவது தடவை கொஞ்சம் கெஞ்சலாகவே கொடுத்துப் பார்த்தார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கோபம் இல்லை, பிணக்கு இல்லை. கடைக்காரன் தவறுதலாக நீட்டிய அடுத்தவர் பையை வேண்டாம் என்பதுபோல் ஆட்டினாள்.

முதலில் உடைந்தவள் மஹ்ஜபீன். அம்மாவே வேண்டாம் என்கிற சொத்துக்காகவா கேட்டைக் கழற்றினேன் என்று தேம்பியபடி கேட் சாவியைக் கொண்டுபோய் அவள் கையில் வைத்தாள். சாயங்காலமே ஆட்டோவில் கேட் வந்துவிடும் என்றாள். சமீர் தலையைக் குனிந்தபடி மொட்டைமாடிச் சாவியைக் கொடுத்தான். தம்பி கொடுத்தபின் அண்ணன் வைத்துக்கொள்ள முடியுமா, அர்ஷத்தும் வாசல் சாவியை நீட்டினான். நசீம் பானு மூன்றையும் வாங்கி, இடுப்பிலிருந்த கொத்தில் கோத்துக்கொண்டாள். அதற்கு அவள் முடியாது என்று சொல்லவில்லை. முனியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இப்படி ஒரு பொம்பளை இந்தக் காலத்தில் உண்டா என்றார்.

இவளையா என் வீடு என் வீடு என்று விரட்டிக்கொண்டிருந்தோம் என்று கையூம் பாய் நிஜமாகவே வெட்கப்பட்டார். அதே சமயம் வெயில் மண்டையைப் பிளந்தது. அவள் ஏற்றுக்கொள்ளாமல் படியேறமாட்டேன் என்று இத்தனை பேர் முன்னால் சொல்லியாகிவிட்டது. டேபிள் ஃபேனைச் செருகத் தெருவில் இடமில்லை.

அந்த நேரத்தில்தான் செங்கல்வராயன் மொபெட்டில் வந்து இறங்கினார். கையில் பதிவு அலுவலக முத்திரை குத்திய நகல். கூட்டத்தையும் சூட்கேஸையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வா நைனா, நல்ல நேரத்துல வந்த" என்றார் கையூம் பாய். "ஊட்டக் குடுத்தா வேணாங்குறா. நீயே சொல்லு இவளுக்கு. பத்திரத்தக் குடு, முதல்ல என் கையெழுத்தப் போட்டுர்றேன்." வழக்கம்போல எதையும் பார்க்காமல் சட்டைப் பையிலிருந்து தங்க மூடிப் பேனாவை எடுத்துத் திறந்தார்.

செங்கல்வராயன் காகிதத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். வாசற்படியில் நின்ற நசீம் பானுவுக்கு ஒரு கும்பிடு போட்டார். பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அங்கே வட்டமடித்துத் தலைக்கு மேல் உட்கார்ந்திருந்த ஒரு வாலின் மேல் விரலை வைத்தார்.

"பேனாவ மூடு பாய், கையெழுத்தெல்லாம் அப்பவே போட்டுட்ட. எம்பத்து நாலுல, உன் கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னாடி, உங்க அத்தா இந்த ஊட்டத் தங்கச்சிக்கு மஹரா எழுதிப் பதிஞ்சு குடுத்துட்டாரு. சாட்சி நீதான்."